ராகு காலத்தில் ஒரு மட்டக்குதிரை

எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு பூனைகூட வளர்த்தது கிடையாது. மாட்டுங்காவில் மூன்றாவது மாடி, இரண்டு அறை, பால்கனியில் ஒரு துளசித் தொட்டி. எங்களை நம்பி இருந்த உயிர் அந்தத் துளசி ஒன்றுதான். அதுவும் மழைக்காலத்தில் அழுகிவிடும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து கிளம்பிய நான், எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், தீபாவளி முடிந்ததிலிருந்து டிசம்பர் பாதி வரைக்கும் மட்டக்குதிரைகளைத் தேடி பம்பாய் முழுக்க அலைந்தேன். இதைச் சொன்னால் என் மைத்துனன் இப்போதும் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவன் ஒரு குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்திருக்கிறானா?

அப்போது நான் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தைகள், முதுகு நிற்காத குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. அதற்கு முன்னால் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தேன். அதை விட்டுவிட்டு இங்கே வந்ததற்குக் காரணம், என் பெண் இங்கே படித்தாள். காலையில் அவளும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம், மாலையில் ஒரே பஸ்ஸில் வருவோம். அவளுக்கு எட்டு வயது. இரண்டு காலிலும் இடுப்பு வரைக்கும் இரும்புக் காலிப்பர், கனத்த பூட்ஸ், இரண்டு ஊன்றுகட்டை. அவள் நடந்து வந்தால் தெருக்கோடியிலேயே சத்தம் கேட்கும். நான் எப்போதும் அவளுக்கு ஒரு அடி பின்னால், இரண்டு கைகளையும் பாதி விரித்தபடி நடப்பேன். விழுந்தால் பிடிக்க. அவளுக்கு அது பிடிக்காது. கோபம் வந்தால் அவளுக்கு இந்தி வந்துவிடும். "பீச்சே மத் ஆவ் அப்பா!" என்று, பின்னால் வராதே என்று, நடுத்தெருவில் கத்துவாள். நான் இரண்டு அடி பின்வாங்குவேன். கைகளை மடக்க மட்டும் வராது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனம் புரியாது. அவளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதினொரு மணிக்கு, பதறிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அவசரத்தில் காலண்டரைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கால் இரண்டும் துவண்டுவிட்டன. நோய்க்கிருமி அதற்கு ஒரு வாரம் முன்பே உள்ளே போயிருக்கும் என்று டாக்டர் விளக்கினார். எனக்குப் புரிந்தது. நான் கெமிஸ்ட்ரி படித்தவன். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்காக நான் எதையும் ராகு காலத்தில் செய்ததில்லை. ஒரு ஜோடி சாக்ஸ்கூட வாங்கியதில்லை. காலண்டரில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் கால் மணி நேரம் என் கணக்கில் சேர்த்து வேறு விட்டுவிடுவேன். என் மனைவியும் அப்படித்தான். இந்த விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

குதிரை விஷயத்துக்கு வருகிறேன். வாரம் ஒருமுறை வந்து குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒருவர், வெளிநாட்டில் படித்தவர், ஒரு யோசனை சொன்னார். குதிரைமேல் உட்கார்ந்தால் போதும், அது நடக்க நடக்க முதுகும் இடுப்பும் தானாக வேலை செய்யும், குழந்தைகளுக்கு அது பயிற்சி என்றே தெரியாது என்றார். ஒரு புண்ணியவான் இரண்டு மட்டக்குதிரைகள் வாங்கித் தர ஒப்புக்கொண்டார். ஆண்டு விழாவில் குழந்தைகளைக் குதிரைமேல் உட்காரவைத்து மைதானத்தைச் சுற்றி அழைத்துவருவது என்று முடிவாயிற்று. முதலில் உட்காரப்போவது என் பெண். எடை குறைவு, துணிச்சல் அதிகம் என்பதால் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அவள் இடுப்பில் அதற்கு முந்தைய வருஷம்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது. நாலு மாதம் மார்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டில் கிடந்தவள். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் அதிகம் பேசாத மனிதர். "உட்காரலாம். விழக்கூடாது" என்றார். விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "இன்னொரு தடவை என்னால் அதைச் சரிசெய்ய முடியாது" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் தலையணையைக் கட்டில் விளிம்பில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, துப்பட்டாவைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் இன்னொரு தலையணை கொண்டுவந்து கீழே போட்டேன்.

தலைமை ஆசிரியை பார்ஸிக்கார அம்மாள். குதிரை தேடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "உன்னைவிடப் பயந்த ஆள் இந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது, அதனால்தான்" என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் போட்ட ஒரே நிபந்தனை, குதிரைகள் இளசாக இருக்க வேண்டும். குழந்தைகள் பிரியமாகப் பழகின குதிரை இரண்டு வருஷத்தில் செத்துப்போனால், அவர்களுக்கு யார் பதில் சொல்வது என்றார். ஏற்கெனவே இந்தக் குழந்தைகள் இழந்தது போதும் என்பது அவர் எண்ணம்.

எனக்குத் துணைக்கு வந்தவர் பாய். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்தார். எங்கள் குழந்தைகளுக்கு பூட்ஸும் காலிப்பர் வாரும் தைப்பவர் அவர்தான். குதிரைவண்டிக்காரர்களுக்கு வாரும் சேணமும்கூடத் தைப்பார். அதனால் பம்பாயில் எந்தச் சந்தில் எந்தக் குதிரை நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். மாதம் ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு வந்து அளவு பார்ப்பார். புது பூட்ஸைப் போட்டுவிட்டதும் நான் உடனே குனிந்து, அழுத்திப் பார்த்து, "நன்னா இருக்கே" என்பேன். பாய் காதிலேயே வாங்க மாட்டார்.

"ஒக்காந்திருக்கும்போது எந்த பூட்ஸும் நல்லாத்தான் சாமி இருக்கும். பாப்பா, கேட்டு வரைக்கும் போயிட்டு வா. நடந்தாத்தான் எங்கன கடிக்குன்னு தெரியும்" என்பார். அவள் டக் டக் என்று போய்த் திரும்பி வருவாள். பாய் கண்ணை எடுக்காமல் பூட்ஸையே பார்ப்பார்.

நாங்கள் இருவரும் அலைந்த கதையைச் சொன்னால் ஒரு புத்தகம் ஆகும். குர்லாவில் ஒரு கல்யாணக் குதிரை. பேண்டு சத்தம் கேட்டால் போதும், ஆட ஆரம்பித்துவிடும் என்று அதன் சொந்தக்காரரே பெருமையாகச் சொன்னார். எங்கள் ஆண்டு விழாவில் பேண்டு உண்டு. முலுண்டில் ஒன்று என் சாப்பாட்டுப் பையைப் பிடித்து இழுத்தது. உள்ளே தயிர்சாதம். சமத்தாகத்தான் தின்றது, இருந்தாலும் கடிக்கிற வாய் கடிக்கிற வாய்தானே. இன்னொன்று என் முழங்காலுக்குக் கீழே ஒரு உதை விட்டது. பாய் என்னை ஓரமாக உட்காரவைத்து, காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்பு ஒடையல. வேணும்னா ஒமக்கும் ஒரு ஜோடி பூட்ஸு தைக்கட்டா சாமி?" என்றார். இப்படி ஒவ்வொரு குதிரையாகக் கழித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குள் ஒரு நிம்மதி இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். கிடைக்காமலே போனால் அவள் ஏற வேண்டியிருக்காது.

கடைசியில் பாய் தாணேயில் ஒருவரைச் சொன்னார். அங்கே ஊர் நடுவில் ஒரு ஏரி. சாயங்காலமானால் ஜனங்கள் குடும்பத்தோடு காற்று வாங்க வருவார்கள். அவர்களுடைய குழந்தைகளை மட்டக்குதிரைமேல் ஏற்றி ஏரிக்கரையில் சுற்றி வருவதுதான் அவர் தொழில். வெள்ளைத் தாடிக்காரர், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர். ஏரிக்குப் பின்னால் ஒரு தபேலா, நம் ஊர் லாயம்தான், அதில் எட்டுப் பத்துக் குதிரைகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வாருங்கள், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அவை வேலை செய்வதைப் பார்த்துப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாயிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகு காலம்.

"முடியாது. ரெண்டு மணிக்கு வரோம்னு சொல்லுங்கோ" என்றேன்.

"ரெண்டு மணிக்கு அதுக தூங்கும் சாமி. வேலை செய்யும்போது பாத்தாத்தான..."

"டிசம்பர் மாசம் அஞ்சு மணிக்கே இருட்டிண்டு வரும். மங்கல் வெளிச்சத்துல குறையை மறைக்கப் பார்க்கறான். எனக்குத் தெரியாதா இவா வித்தையெல்லாம்?" என்று கத்தினேன். ராகு காலம் என்று பாயிடம் சொல்ல எனக்கு வெட்கம். அதனால் முன்பின் பார்த்திராத ஒரு மனிதரைத் திருடனாக்கினேன். "சரி, ஒங்க இஷ்டம்" என்று பாய் விட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு தாணேயில் நல்ல வெயில். தபேலாவுக்கு வெளியே வேப்பமர நிழலில் இரண்டு குட்டி மட்டக்குதிரைகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்று பால்வெள்ளை, ஒன்று செம்பழுப்பு. கண் பாதி மூடி, தலை தொங்கி, ஆடாமல் அசையாமல் நின்றன. ஈ உட்கார்ந்தாலும் வாலைத் தூக்கவில்லை. நான் வெள்ளையின் காதைத் தொட்டேன், காலைத் தொட்டேன், குடையை விரித்து மடக்கினேன். ம்ஹூம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இப்படி ஒரு சாதுவைத்தானே இத்தனை நாள் தேடினோம் என்று இருந்தது. பாய் அதன் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். பால்பல் இன்னும் முழுதாக விழவில்லை, அவ்வளவு இளசு. தலைமை ஆசிரியை கேட்டதும் அதுதானே.

தாடிக்காரர், இவை இரண்டும் சின்னது, புதுசு, உள்ளே வேறு இருக்கிறது, சாயங்காலம் வரை இருங்கள் என்று இந்தியில் ஏதேதோ சொன்னார். இதை விற்க மனசில்லாமல் கிழட்டுக் குதிரைகளைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. "இவைதான் வேண்டும்" என்றேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு பாயைப் பார்த்தார். பாய் வானத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வரும் ரயிலில், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனேன்.

புதன்கிழமை டெம்போவில் குதிரைகள் வந்து இறங்கின. குழந்தைகள் போட்ட கூச்சலில் பக்கத்துக் காலனியே வந்து வேலியில் நின்றது. பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் கீற்றுக் கொட்டகை போட்டோம். புல், கொள்ளு, ஊறவைத்த கடலை என்று ராஜ உபசாரம். மூன்று நாள் யாரும் அவற்றை வேலை வாங்கவில்லை. புது இடம், ஓய்வெடுக்கட்டும் என்று உத்தரவு போட்டவனும் நான்தான்.

சனிக்கிழமை ஒத்திகை. ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம் என்பதால் பதினொரு மணிக்கு வைத்திருந்தேன். பாய் புதுச் சேணம் கொண்டுவந்திருந்தார். குழந்தைகள் சாய்ந்துகொள்ள முதுகுப்பக்கம் உயரமாக, இடுப்பைச் சுற்றி ஒரு வார் வைத்து, அவரே யோசித்துத் தைத்தது. என் பெண் பூட்ஸ், காலிப்பர் எல்லாம் பாலிஷ் போட்டு, இரட்டைப் பின்னலில் சிவப்பு ரிப்பன் கட்டி, வராந்தாப் படியில் தயாராக நின்றாள். நான் அவளைத் தூக்கப் போனேன்.

பாய் கையை நீட்டித் தடுத்தார். "மொதல்ல மூட்டையை வப்போம்."

அவர் ஒரு சாக்கில் மணல் நிரப்பி வைத்திருந்தார். என் பெண்ணின் எடை. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பூட்ஸ் தேயுறதப் பாத்தாத் தெரியாதா என்றார். மூட்டையைச் சேணத்தில் வைத்து வாரைக் கட்டினார். வெள்ளைக் குதிரை காதை ஆட்டிக்கொண்டு நின்றது. வாட்ச்மேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி நடத்தினார். சரியாக அந்த நேரத்தில் வராந்தாவில் ஏதோ ஒரு குழந்தையின் ஊன்றுகட்டை நழுவி சிமெண்டுத் தரையில் டமால் என்று விழுந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை விழும் சத்தம் அது. எங்களுக்குக் காதிலேயே ஏறாது. குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நேராக எழும்பி நின்றது. வாட்ச்மேன் கயிற்றை விட்டார். அது இறங்கி, முதுகை வில்லாக வளைத்து, ஒரு துள்ளு, இன்னொரு துள்ளு. வார் அறுந்தது. மூட்டை பறந்து போய் கொடிக்கம்பத்தின் சிமெண்டு மேடையில் மோதி விழுந்து கிழிந்தது. குதிரை மைதானத்தை மூன்று சுற்று ஓடியது. அதைப் பார்த்துச் செம்பழுப்பும் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வாட்ச்மேனும் பாயும் அவற்றைப் பிடித்துக் கட்டுவதற்குள் வேலி பாதி போய்விட்டது.

நான் மூட்டை கிடந்த இடத்துக்குப் போய் நின்றேன். மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டக் டக் என்று சத்தம் வந்தது. என் பெண் வந்து எதிரில் நின்றாள்.

"அப்பா, மூட்டை விழுந்துடுத்து."

"ஆமாம்."

"நான் விழலையே."

"இல்லை கண்ணா."

"அப்புறம் எதுக்கு அழறே?"

சந்தோஷத்தில் என்று சொன்னால் அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அது சந்தோஷம்தான். என் முட்டாள்தனத்துக்கு ஒரு மூட்டை மணலோடு போயிற்று என்று, தெரிந்த தெய்வத்துக்கெல்லாம் நன்றி சொன்னேன். அதோடு இன்னொன்றும் உறைத்தது. பதினொரு மணி. காலண்டரில் நல்ல நேரம் என்று போட்டிருந்தது.

மத்தியானம் பாயிடம் உண்மையைச் சொன்னேன். ராகு காலம், வெள்ளிக்கிழமைக் காய்ச்சல், எல்லாவற்றையும். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா சாமி. அதுக புதுக் குட்டிக. அந்தாளு சொன்னதக் கேக்குற நெலமையில நீங்க இல்ல, அதான் மூட்டைய வச்சுப் பாத்தேன். காலைலருந்து வெறும் சேணத்தப் போட்டு ஏரியச் சுத்திச் சுத்தி நடத்திப் பழக்கிக்கிட்டு இருந்தாரு. களைச்சு அசந்து நின்னுச்சு. நீங்க அதப் பொறுமைன்னு நெனச்சிட்டிய. இங்கன மூணு நாளு கொள்ளும் புல்லும் தின்னு உடம்பு தெளிஞ்சிருச்சு." அறுந்த வாரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே, "நாளைக்கு ஞாயித்துக்கெழம. அஞ்சு மணிக்குப் போவோம். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. பூட்ஸோட" என்றார்.

தலைமை ஆசிரியையிடம், "தூங்குகிற குதிரையைப் பார்த்து வாங்கிவிட்டேன்" என்று ஒப்புக்கொண்டேன். அவர் கொடிக்கம்பத்தையும் என் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருக்கும் அடிபடவில்லையே, அது போதும்" என்றார்.

மறுநாள் மூன்று மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். மனைவி வாசலில் நின்றுகொண்டு, "எப்போ பார்க்கப் போறேள்? ஆறு மணிக்கு மேலதானே?" என்றாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே, "ம்" என்றேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இந்த விஷயத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் அப்படி ஒரு கூட்டம். பலூன்காரன், பேல்பூரி வண்டி, பீப்பீ ஊதும் குழந்தைகள், எங்கேயோ வெடிக்கும் மிச்சத் தீபாவளிப் பட்டாசு. தாடிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் குத்திக்காட்டவில்லை. குட்டிகள் இரண்டையும் திரும்ப அனுப்புங்கள், வேறு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்து பார்த்தோம். ஆறேழு குதிரைகள் போயும் வந்தும் இருந்தன. ஒன்று கூட்டத்தைக் கண்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்தது. ஒன்று பேல்பூரி வண்டியைக் கண்டதும் நின்றுவிட்டது. அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் வந்தது, ஆனாலும் வேண்டாம்.

பாய் ஒன்றைக் காட்டினார். சாம்பல் நிறம், ஒரு காதின் நுனி கிழிந்து தொங்கியது, பார்க்க லட்சணமே கிடையாது. அன்றைக்கு மத்தியானம் இது தபேலாவின் இருட்டில்தான் நின்றிருக்கும், நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அதன்மேல் இருந்த குண்டுப் பையன் பயத்தில் அதன் பிடரியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அது பாட்டுக்கு நடந்தது. அவன் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தபோது யாரும் சொல்லாமல் தானே நின்றது. அவனை நிமிர்த்தி உட்காரவைத்த பிறகு தானே கிளம்பியது. வயது ஆறு, குழந்தைகளைச் சுமக்க ஆரம்பித்து இரண்டு வருஷம், இதன் தங்கை ஒன்றும் இதே மாதிரி இருக்கிறது என்றார் தாடிக்காரர். குதிரைக்கு ஆறு என்றால் நல்ல இளமைதான், சின்னது வேறு, இளசு வேறு என்று பாய் எனக்கு விளக்கினார்.

"பாப்பா, அந்தக் குதுரையச் சுத்தி ஒரு நட நடந்துட்டு வா" என்றார்.

அவள் கிளம்பினாள். டக் டக், டக் டக். நான் எழுந்து பின்னால் போனேன், கை விரித்தபடி. அவள் அதன் மூக்குக்கு முன்னால் போய், வேண்டுமென்றே ஒரு கட்டையைக் கீழே போட்டாள். கல்தரை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சாம்பல் குதிரை குனிந்து கட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் காலிப்பரை மோந்தது. இரும்பில் அதன் மூச்சுப் பட்டு ஆவி படிந்தது. அவள் சிரித்தாள்.

"ஏத்துங்க சாமி" என்றார் பாய்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து இருபத்தைந்து. இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் பொறுத்தால் ஆறாகிவிடும், அதற்குமேல் கால் மணி நேரம் சேர்த்தால் என் கணக்கும் சரியாகிவிடும். அதற்குள் இருட்டிவிடும், குதிரைகளைக் கட்டிவிடுவார்கள். பெண் இரண்டு கைகளையும் என் பக்கம் தூக்கினாள். நல்ல நேரம் பார்த்து நான் செய்த காரியம் கொடிக்கம்பத்தின் அடியில் கிழிந்து கிடந்ததை நேற்றுத்தான் பார்த்திருந்தேன். அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். காலிப்பரோடு அவள் என்ன கனம் கனப்பாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அது தெரியவில்லை.

பாய் புது வார் தைத்துக் கொண்டுவந்து மாட்டியிருந்த சேணத்தில் அவளை உட்காரவைத்து வாரைக் கட்டினோம். முதல் சுற்றுக்குக் குதிரையின் பக்கத்திலேயே ஓடினேன், ஒரு கை அவள் முதுகில், ஒரு கை அவள் முழங்காலில். இரண்டாவது சுற்று தொடங்கும்போதே மூச்சு வாங்கியது. தாடிக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இங்கேயே இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஆண்டு விழா நன்றாகவே நடந்தது. பேண்டு வாசித்தது, கட்டைகள் விழுந்தன, சாம்பலும் அதன் தங்கையும் ஒரு காதைக்கூட ஆட்டவில்லை. என் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் குதிரைகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் பல வருஷம் இருந்தன. எத்தனையோ குழந்தைகள் ஏறி இறங்கினார்கள், ஒருவரும் விழவில்லை. என் பெண்ணின் முதுகு நிமிர்ந்தது. அவள் இன்றைக்கு முலுண்டில் ஒரு ஆபீஸில் பெரிய வேலையில் இருக்கிறாள். ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது விழாவை அல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமையின் இரண்டாவது சுற்றைத்தான்.

அவள் ஏரியின் அந்தக் கரைக்குப் போய்விட்டாள். கூட்டத்தில் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். பாய் என் பக்கத்தில் நின்று வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். பிறகு மரங்களுக்கு நடுவில் சிவப்பு ரிப்பன் தெரிந்தது. முதுகு நேராக, யாரும் பின்னால் பிடிக்காமல், எல்லார் தலைக்கும் மேலே அவள் வந்துகொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் யாரையும் குனிந்து பார்த்ததில்லை. இப்போது என்னைக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா! அவுர் ஏக் ரவுண்ட்!" என்று கத்தினாள். இன்னொரு சுற்று வேண்டுமாம்.

கடிகாரத்தைப் பார்க்கக் கையைத் தூக்கினேன். கையில் ஒரு பிடி வேர்க்கடலை இருந்தது. பாய் எப்போது கொடுத்தார், நான் எப்போது வாங்கினேன் என்று தெரியவில்லை. மணி ஐந்தே முக்கால். ராகு காலம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"போயிட்டு வா" என்றேன்.